கவுன்சிலர் வீட்டு போன்

பியூ வீட்டு போன் காலை ஏழு மணிக்கு முன்னால் அடித்தால் தண்ணீர்ப் பிரச்சினை. ஏழுக்கு மேல் என்றால் குப்பை வண்டி வரவில்லை. ஞாயிறு மதியம், சபை கலைந்த அரை மணிக்குள் அடித்தால் பக்கத்துக்காரன் வேலியைத் தள்ளிப் போட்டுவிட்டான். இருபத்தேழு வருஷமாக அந்த போனை எடுத்து எடுத்து நெஸ்டா பியூவுக்கு இதெல்லாம் அத்துப்படி ஆகியிருந்தது. மணிச் சத்தத்தை வைத்தே ஆளைச் சொல்லிவிடுவாள் என்று லான்வெரின் என்கிற அந்த வெல்ஷ் மலைக் கிராமத்தில் ஒரு பேச்சு உண்டு. யாரோ சும்மா கிளப்பிவிட்டது. ஆனாலும் பத்துக்கு ஆறு சரியாக இருக்கும்.

கவுன்சிலர் என்னவோ அவள் கணவர் எம்லின்தான். கவுன்சிலர் வீட்டில் இருந்தால்தானே. கவுண்டி அலுவலகம், அதாவது மாவட்ட மன்றம், மலைக் கணவாய்க்கு அந்தப் பக்கம், முப்பத்தெட்டு மைல். அங்கே கூட்டத்தில் இருப்பார், இல்லையென்றால் கூட்டத்துக்குப் போகிற வழியில் இருப்பார், அதுவும் இல்லையென்றால் யாருடைய வாய்க்காலையோ குனிந்து பார்த்துக்கொண்டிருப்பார். ஆகவே ஊரின் குறையெல்லாம் முதலில் வந்து விழுந்தது நெஸ்டாவின் காதில்தான். நடைக்கூடத்து ஜன்னல் கட்டையில் போன், பக்கத்தில் நோட்டுப் புத்தகம், நூல் கட்டிய பென்சில். ஒவ்வொன்றையும் எழுதி, எம்லினின் சூப் கிண்ணத்துக்குப் பக்கத்தில் திறந்து வைப்பாள். அவர் படித்துக்கொண்டே சாப்பிடுவார். என்ன சாப்பிட்டாய் என்று கேட்டால் சொல்லத் தெரியாது. எந்தப் பாலத்தடியில் அடைப்பு என்று கேட்டால் சொல்லுவார். பட்டம் அவருக்கு, காதுவலி இவளுக்கு.

ஆறு தேர்தல் வந்து போய்விட்டது. ஆறிலும் எம்லினை எதிர்த்து ஒருவரும் நிற்கவில்லை. அவர் நல்லவர், அதில் குறை சொல்ல ஒன்றுமில்லை. ஆனால் யாரும் நிற்காததற்குக் காரணம் அதுவல்ல. லான்வெரினில் பதவியில் இருக்கும் ஒருவரை எதிர்த்து நிற்பது என்பது, அவர் சாப்பிட்டுக்கொண்டிருக்கும்போது தட்டை இழுப்பது மாதிரி மரியாதைக் குறைவு. தவிர, அந்த வேலை யாருக்கு வேண்டும்? ஆகவே கெடு முடிந்த மறுநாள் "போட்டியின்றித் தேர்வு" என்று ஒரு தாள் கடை ஜன்னலில் ஒட்டப்படும், ஊர் அதைப் படிக்காமலேயே ரொட்டி வாங்கிக்கொண்டு போகும். பார்லிமெண்ட் தேர்தலுக்கு ஓட்டுப் போட்டிருக்கிறார்கள். கவுண்டித் தேர்தலுக்கு எப்படி ஓட்டுப் போடுவது என்பதே ஊருக்கு மறந்து போயிருந்தது.

இந்த வருஷம் மார்ச்சில் பட்ஜெட் கூட்டம் முடிந்து எம்லின் வீடு திரும்பியது இத்தெலின் டிராக்டரில். இத்தெல் கணவாய்க்குக் கீழே பண்ணை வைத்திருப்பவன். எம்லினின் கார் அவன் வேலிக்குள் போய் உட்கார்ந்திருந்தது.

"ஆடு குறுக்க வந்துருச்சு," என்றார் எம்லின். நெற்றியில் ஒரு சின்ன வீக்கம். சூப் கேட்டார், நோட்டுப் புத்தகம் கேட்டார்.

இரண்டு நாள் கழித்து, எம்லின் வெளியே போயிருந்த நேரம் பார்த்து இத்தெல் வந்தான். டீயைக் கையில் வைத்துக்கொண்டு குடிக்காமல் உட்கார்ந்திருந்தான்.

"நெஸ்டா, உங்ககிட்ட சொல்லாம இருக்க முடியல. ஆடு எதுவும் வரல."

"என்ன சொல்ற?"

"இது குட்டி போடுற மாசம். என் ஆடு எல்லாம் கொட்டகைக்குள்ள இருக்கு. ரோட்டுல போயிப் பாத்தேன், பிரேக் பிடிச்ச தடமே இல்ல. மனுஷன் தூங்கிட்டாரு."

நெஸ்டாவுக்கு அந்த இடம் தெரியும். வேலிக்கு இருபது கஜம் தள்ளி ரோடு வளையும். வளைவுக்கு அப்புறம் வேலி கிடையாது, நேரே ஆறுதான்.

அன்று மாலை அவர் கோட்டைக் கழற்றுவதற்கு முன்னால் கேட்டுவிட்டாள். "தூங்கிட்டியா?"

எம்லின் பொய் சொல்லத் தெரியாதவர். ஆட்டுக்கதைதான் அவர் வாழ்நாளில் சொன்ன பெரிய பொய்யாக இருக்கும். "ஒரு நிமிஷந்தான்," என்றார்.

"ஒரு நிமிஷம் போதும் எம்லின். உனக்கு எழுபத்தொண்ணு."

அவர் நாற்காலியில் உட்கார்ந்து பூட்ஸ் கயிற்றை அவிழ்த்தார். பிறகு சொன்னார்: "சரி. இந்தத் தடவ நிக்கல. போதும்."

நெஸ்டா மறுநாள் காலையிலேயே கடைக்குப் போய் டில்விஸிடம் இதைச் சொன்னாள். டில்விஸ் கடையும் தபால் கவுண்டரும் நடத்துகிறவள். அவளிடம் ஒரு விஷயத்தைச் சொன்னால் ஊருக்குத் தனியாகச் சொல்ல வேண்டியதில்லை. நெஸ்டா அதற்காகவேதான் சொன்னாள். ஊருக்குத் தெரிந்துவிட்டால் மனுஷன் பின்வாங்க வெட்கப்படுவார் என்று ஒரு கணக்கு. சாயங்காலத்துக்குள் நாலு பேர் போன் பண்ணி வருத்தம் தெரிவித்தார்கள். நாலு பேரும் வருத்தம் தெரிவித்த கையோடு ஆளுக்கொரு குறையும் சொன்னார்கள். அவள் எழுதிக்கொண்டாள்.

மனுத் தாக்கலுக்குக் கெடு ஏப்ரல் முதல் செவ்வாய், மாலை நாலு மணி. அன்று காலை பத்து மணிக்கு போன் அடித்தது. கவுண்டி அலுவலகத்தில் எம்லினுக்குப் பழக்கமான ஒரு பெண்.

"லான்வெரினுக்கு ஒரு பேரும் வரல, மிஸஸ் பியூ. காலியாவே கெடக்கும் போல. எம்லின்கிட்ட சும்மா தகவலுக்குச் சொல்லிடுங்க."

நெஸ்டா என்ன செய்திருக்க வேண்டும்? போனை வைத்துவிட்டு வேறு வேலையைப் பார்த்திருக்க வேண்டும். ஆனால் இருபத்தேழு வருஷப் பழக்கம் கையில் ஊறிப் போயிருந்தது. பென்சிலை எடுத்தாள், எழுதினாள், மதியம் சூப் கிண்ணத்துக்குப் பக்கத்தில் நோட்டைத் திறந்தும் வைத்தாள். வைத்த பிறகுதான் அவளுக்கு உறைத்தது. அதற்குள் அவர் படித்துவிட்டார். கிண்ணத்தைத் துடைத்துச் சாப்பிட்டார், தொப்பியை எடுத்தார்.

"கோழித் தீவனம் வாங்கிட்டு வந்துடறேன்," என்றார்.

ஐந்து மணிக்குத் திரும்பி வந்தார். கையில் ஒன்றுமில்லை.

"தீவனம் எங்க?"

"மறந்துட்டேன்."

"அதுக்குத்தான் அஞ்சு மணி நேரமா?"

எம்லின் வாசலிலேயே நின்று தொப்பியை இரண்டு கையிலும் வைத்துச் சுற்றிக்கொண்டிருந்தார். "காலியா விட முடியுமா நெஸ்டா? காலியா விட்டா பள்ளிக்கூட பஸ்ஸ எடுத்துருவாங்க. அங்க கேக்க ஒரு ஆளு வேணும்ல."

அவள் காய்ந்த ரொட்டியை உதிர்த்து எடுத்துக்கொண்டு கோழிகளிடம் போனாள். கோபப்படக்கூட அவளிடம் தெம்பில்லை. இன்னும் ஐந்து வருஷம். இந்தக் கணவாயில் இன்னும் ஐந்து பனிக்காலம். ஒவ்வொரு கூட்ட நாளிலும் ஜன்னலில் கார் விளக்கு தெரிகிறதா என்று பார்த்துக்கொண்டு நிற்க வேண்டும். கோழிகள் ரொட்டியைத் தின்றுவிட்டு இன்னும் கேட்டன.

மறுநாள் கடை ஜன்னலில் ஒட்டிய தாளில் இரண்டு பெயர் இருந்தது. டில்விஸ் மூன்று தடவை படித்துவிட்டுத்தான் போன் பண்ணினாள்.

"நெஸ்டா, உக்காந்துக்கோ. ரொவினான்னு போட்டிருக்கு."

ரொவினா டேட் நாலு வருஷத்துக்கு முன்னால் பர்மிங்ஹாமிலிருந்து வந்து பழைய மாவு மில் வீட்டை வாங்கியவள். முப்பத்தைந்து வயது இருக்கும். மாட்டு டாக்டர் ஆபீஸில் முன்மேஜை வேலை, இரட்டைப் பிள்ளைகள். வந்த முதல் மாதமே வகுப்பில் சேர்ந்து வெல்ஷ் படித்தாள். நன்றாகவே படித்தாள்; வாயைத் திறந்தால் பாடப் புத்தகம் பேசுகிற மாதிரி இருக்கும். ஊரில் அவளுக்கு மரியாதை உண்டு. ஆனால் மில் வீட்டுக்குப் போகும் பாதையில் யாரும் சும்மா நடந்து போனதில்லை.

அன்று சாயங்காலமே கையில் ஒரு எலுமிச்சை கேக்கோடு பியூ வீட்டு வாசலில் வந்து நின்றாள். முகம் வெளுத்திருந்தது.

"திரு பியூ, நான் மிகவும் வருந்துகிறேன். தாங்கள் விலகுகிறீர்கள் என்று கடையில் கேள்விப்பட்டேன். ஒருவரும் முன்வரவில்லை என்றார்கள். ஆகையால் நேற்று மூன்றரை மணிக்கு என் மனுவைக் கொடுத்தேன்."

"நான் மூணு மணிக்குக் குடுத்தேன்," என்றார் எம்லின்.

"திரும்பப் பெற இயலுமா என்று கேட்டேன். அதற்கும் அதே நாலு மணிதான் கெடுவாம். இனி இயலாது."

எம்லின் சிரித்தார். மார்ச்சுக்குப் பிறகு நெஸ்டா அவர் சிரித்துப் பார்த்தது அப்போதுதான். "அதனால என்னம்மா. நில்லு. தேர்தல்னா ரெண்டு பேரு இருந்தாத்தான் அழகு. உள்ள வா, டீ குடி. கணவாய்க்குக் கீழ இத்தெல் வீட்டுக்கு ஓட்டுக் கேக்கப் போனா மட்டும் பின்வாசல்ல போகாத, நாய் கடிக்கும்."

நெஸ்டா கேக்கை வெட்டினாள். அந்தப் பெண்ணின் கையைப் பார்த்துக்கொண்டே இருந்தாள். சின்னக் கை, நகத்தையெல்லாம் கடித்து வைத்திருந்தது. இந்தக் கையிலா போனைக் கொடுக்கப் போகிறோம் என்று நினைத்தாள். நினைத்த பிறகுதான், கொடுக்க வேண்டும் என்று தன் மனசு எப்போதோ முடிவு பண்ணிவிட்டது அவளுக்குத் தெரிந்தது.

எம்லினுக்கு ஓட்டுக் கேட்கத் தெரியாது. வாழ்நாளில் கேட்டதில்லை. காரை இப்போது நெஸ்டாதான் ஓட்டினாள், அந்த ஒன்றை மட்டும் அவள் விட்டுக்கொடுக்கவில்லை. ஒவ்வொரு பண்ணையிலும் அவர் இறங்குவார், ஆட்டுக்குட்டிகளை விசாரிப்பார், வாய்க்கால் அடைப்பு சரியாயிற்றா என்று கேட்பார், அரை மணி பேசிவிட்டு வந்து ஏறுவார்.

"ஓட்டுக் கேட்டியா?"

"அது எப்படி நெஸ்டா, வாயத் தொறந்து கேக்கறது? அவங்களுக்கே தெரியாதா?"

ரொவினாவோ எல்லா வீட்டுக்கும் நடந்தே போனாள். எல்லா வீட்டிலும் டீ குடித்தாள். எல்லாரிடமும் "தங்கள் மேலான வாக்கை எனக்கு அளிக்க வேண்டுகிறேன்" என்றாள். ஊரே அவள் பேச்சைத் திருப்பிச் சொல்லிச் சிரித்தது. சிரித்தபிறகு ஊருக்கு மனசு சங்கடப்பட்டது.

"பாவம் அந்தப் பொண்ணு," என்றாள் டில்விஸ், நெஸ்டா ரொட்டி வாங்கப் போனபோது. "ரெண்டு பிள்ளைய இழுத்துக்கிட்டு மழைல அலையுது. எம்லினுக்கு எதிரா யாரு போடப் போறா? எண்ணிப் பாத்து அஞ்சோ ஆறோன்னு மைக்குல சொன்னாங்கன்னா அது மூஞ்சிய எங்க கொண்டு போயி வைக்கும்?"

"அதுவும் சரிதான்," என்றாள் நெஸ்டா.

"நம்ம செயோன்ல அப்படி யாரையும் விட்டதில்ல, சொல்லு."

விட்டதில்லைதான். செயோன் என்பது இவர்கள் ஞாயிறுதோறும் போகும் தேவாலயச் சபை. அங்கே மூப்பர்களைத் தேர்ந்தெடுக்கும்போது ஆளுக்கொரு சீட்டில் நாலு பேர் எழுத வேண்டும். யாரும் வாய்விட்டுச் சொல்லாத இரண்டு வழக்கம் அதில் உண்டு. ஒன்று, தன் பெயரைத் தானே எழுதக் கூடாது. இன்னொன்று, நாலில் மூன்று இடத்தை வேண்டியவர்களுக்கு எழுதிவிட்டு, ஒரு இடத்தை யாருக்கும் வேண்டாதவருக்குக் கொடுக்க வேண்டும். ஒருவரும் வெறுங்கையோடு வீட்டுக்குப் போகக் கூடாது. செயோனில் தோற்றவர்களும் தலை நிமிர்ந்து டீ குடிப்பது இதனால்தான். நல்ல வழக்கம், யார் இல்லை என்றது. கவுண்டித் தேர்தல் சீட்டில் ஒரே ஒரு இடம்தான் என்பதை மட்டும் ஒருவரும் யோசிக்கவில்லை. நெஸ்டாவும் யோசிக்கவில்லை. அவளுக்கு வேறு யோசனை இருந்தது.

மே மாதம் முதல் வியாழன். ஊர் மண்டபத்தில் வாக்குச் சாவடி. காலையிலிருந்து தூறல். எம்லினும் நெஸ்டாவும் பத்து மணிக்குப் போனார்கள். இரண்டு தடுப்பு, இரண்டிலும் நூல் கட்டிய பென்சில். நெஸ்டா தன் வீட்டுப் பென்சிலை நினைத்துக்கொண்டாள்.

சீட்டில் இரண்டு பெயர். எம்லின் பியூ, சுயேச்சை. ரொவினா டேட், சுயேச்சை. நாற்பத்தாறு வருஷம் கூடவே இருந்த பெயரை அச்சில் பார்த்து, விரலால் ஒரு தடவை தொட்டாள். அவர் எப்படியும் ஜெயிக்கத்தான் போகிறார். அவளுடைய ஒரு ஓட்டு எதையும் மாற்றாது. ஆனால் எங்கேயாவது ஒரு இடத்தில், யார் கண்ணிலும் படாமலாவது, தான் நினைத்ததைச் சொல்லிவிட வேண்டும் போல் இருந்தது. போனில் எல்லாருடைய குறையையும் கேட்டு எழுதியிருக்கிறாள். தன் குறையை எழுத அவளுக்கு இந்த ஒரு கட்டம்தான் இருந்தது. ரொவினாவின் பெயருக்கு நேரே பெருக்கல் குறி போட்டாள். பென்சிலை அழுத்திப் போட்டாள்.

பக்கத்துத் தடுப்பில் எம்லின் இன்னும் நின்றுகொண்டிருந்தார். ஒரு குறி போட இவ்வளவு நேரமா என்று இருந்தது. வெளியே வந்தபோது அவர் காது இரண்டும் சிவந்திருந்தது.

"என்ன?"

"ஒண்ணுமில்ல. கண்ணாடிய எடுத்துட்டு வரல," என்றார்.

மறுநாள் எண்ணிக்கை கவுண்டி நகரத்தின் விளையாட்டு அரங்கில் நடந்தது. தரையில் பூப்பந்துக் கோடுகள், அதன் மேல் வரிசையாக மேஜைகள். மற்ற வார்டுகளெல்லாம் ஒவ்வொன்றாக முடிந்துகொண்டிருந்தன. லான்வெரின் மேஜையில் இரண்டு குவியலும் சேர்ந்தே வளர்ந்தன. நெஸ்டா முதலில் தான் தவறாகப் பார்க்கிறோம் என்று நினைத்தாள். எண்ணுகிற பெண்கள் ஒருவரையொருவர் பார்த்துக்கொண்டார்கள். அதிகாரி வந்தார். மறுபடி எண்ணினார்கள். இன்னொரு தடவை எண்ணினார்கள்.

ரொவினா 287. எம்லின் 286.

ரொவினா அழ ஆரம்பித்தாள். சந்தோஷத்தில் அழுகிற அழுகை இல்லை. "நான் இதை எதிர்பார்க்கவே இல்லை, நான் என்ன செய்வேன்," என்று நெஸ்டாவின் கையைப் பிடித்துக்கொண்டாள். எம்லின் அவள் முதுகைத் தட்டிக் கொடுத்தார், மைக்கில் நாலே நாலு வார்த்தை நன்றி சொன்னார், கீழே இறங்கும்போது படியைப் பார்க்காமல் கால் வைத்துத் தடுமாறினார். நெஸ்டா பிடித்துக்கொண்டாள்.

ஒரு ஓட்டு. அவள் அதை எவருக்கும் விளக்க வேண்டியதில்லை. பென்சிலை ஒரு கட்டம் மேலே வைத்திருந்தால் அவருக்கு 287, அந்தப் பெண்ணுக்கு 286. அவ்வளவுதான். முப்பத்தெட்டு மைலும் அவள்தான் ஓட்டினாள். எம்லின் பக்கத்தில் மடியில் கை வைத்துக்கொண்டு ரோட்டைப் பார்த்தபடி வந்தார், தூங்கவில்லை. இத்தெலின் புது வேலி வந்தபோது மட்டும், "நல்லா போட்டிருக்கான்," என்றார்.

சனிக்கிழமை காலையில் டில்விஸ் வந்தாள். கடையைப் பூட்டிவிட்டு வந்திருந்தாள். அவள் அம்மா செத்த அன்றைக்கு மட்டும்தான் அதற்கு முன்னால் பூட்டியது. கையில் உலர்பழ ரொட்டி.

"எம்லின், என்ன மன்னிச்சிரு. அது நான்தான்."

"எது?"

"அந்த ஒரு ஓட்டு. அந்தப் பொண்ணு பாவமேன்னு போட்டுத் தொலச்சிட்டேன். நீ நூறு இரநூறுல ஜெயிப்பன்னு நெனச்சேன். எனக்கு ராத்திரி தூக்கமே இல்ல."

எம்லின் அவளுக்கு நாற்காலி போட்டார். "விடு டில்விஸ். நல்ல மனசுலதான போட்ட."

அவள் போய் அரை மணியில் இத்தெல் வந்தான். தொப்பியை மடியில் வைத்துக்கொண்டு, "நான்தான் பண்ணினேன்," என்று ஆரம்பித்தான். அவன் நாய் ரொவினாவைக் கடித்துவிட்டதாம், முன்வாசலில். அந்தக் குற்ற உணர்ச்சியில் போட்டானாம். அதற்குப் பிறகு செயோன் ஆர்கன் வாசிக்கிறவர் வந்தார். பஸ் டிரைவர் மனைவியோடு வந்தார். புருஷன் போட்டது மனைவிக்குத் தெரியாது, மனைவி போட்டது புருஷனுக்குத் தெரியாது, இரண்டும் பியூ வீட்டு மேஜையில்தான் வெளியே வந்தது. திங்கட்கிழமை மாலைக்குள் பதினோரு பேர் வந்து, அந்த ஒரு ஓட்டு தன்னுடையதுதான் என்று சொல்லிவிட்டுப் போனார்கள். மேஜையில் ஏழு உலர்பழ ரொட்டி சேர்ந்துவிட்டது. எம்லின் ஒவ்வொருவரையும் தேற்றினார். தோற்றவன் வீட்டில் தோற்றவனே ஊருக்கு ஆறுதல் சொல்ல வேண்டியிருந்தது, என்ன ஊரோ இது.

நெஸ்டா பதினோரு பேருக்கும் டீ போட்டாள். ஒருவரும் அவளிடம் ஒன்றும் கேட்கவில்லை. அவளையா கேட்பார்கள்? இதற்கு நடுவில் போனும் அடித்தது. புதுக் கவுன்சிலருக்கு ஊர் இன்னும் பழகவில்லை. பள்ளத்தையும் குப்பையையும் இங்கேதான் சொன்னார்கள். அவளும் எழுதினாள். எழுதிய தாளைக் கிழித்து ரொவினாவுக்கென்று தனியே வைத்தாள்.

கடைசி ஆளும் போன பிறகு மேஜையின் இரு பக்கமும் இருவரும் உட்கார்ந்தார்கள். எம்லின் ஒரு ரொட்டித் துண்டை எடுத்துக் கடித்தார்.

"இது டில்விஸ் பண்ணினதா? திராட்ச நெறைய இருக்கு."

என்ன சாப்பிடுகிறோம் என்று அவர் கவனித்ததைக் கேட்டு நெஸ்டாவுக்கு அழுகை வந்தது. அடக்கிக்கொண்டாள்.

"பாவம், ஆளாளுக்கு வந்து அழுவறாங்க," என்றார் அவர். "அவங்க யாரும் இல்ல நெஸ்டா. உங்கிட்ட சொல்றதுக்கென்ன. என்னத் தோக்கடிச்சது நான்தான்."

"நீயா?"

"பென்சில எடுத்தேன். என் பேருக்கு நேரா வச்சேன். கை வரல. அப்பா மூப்பரா இருந்தாரு, தாத்தா மூப்பரா இருந்தாரு, நம்ம வீட்டுல யாரும் தன் பேரத் தானே எழுதினதில்ல. இத்தன வருஷத்துல எனக்கு அந்தச் சோதன வரவே இல்ல பாரு. வேற பேரு ஒண்ணுதான் இருந்துச்சு. அதுக்குப் போட்டேன்."

நெஸ்டா அவரையே பார்த்துக்கொண்டிருந்தாள். தப்பிக்க வழி கிடைத்துவிட்டது. பன்னிரண்டாவது ஆளாக அவரே பழியை எடுத்துக்கொண்டார். அவள் இப்போது வாயை மூடிக்கொண்டு கோப்பைகளைக் கழுவப் போகலாம், சாகும்வரை யாருக்கும் தெரியாது. இல்லையென்றால் அவளும் ஊரைப் போலப் பாவம் பார்த்ததாகச் சொல்லலாம், அவர் அவளையும் தேற்றுவார். ஆனால் அவளுக்கு அசதியாக இருந்தது. பொய்யையும் சேர்த்துச் சுமக்க இனி முடியாது.

"நானும் அவளுக்குத்தான் போட்டேன்," என்றாள்.

"நீயுமா?" அவர் முகத்தில் சிரிப்புக்கூட வந்தது. "எல்லாருக்கும் அந்தப் பொண்ணு மேல—"

"பாவம் பாத்துப் போடல எம்லின். நீ தோக்கணும்னு போட்டேன்."

சிரிப்பு போய்விட்டது. அவர் கையிலிருந்த துண்டைத் தட்டில் வைத்தார். வெளியே கோழிகள் கூண்டுக்குள் ஏறிக்கொண்டிருக்கிற சத்தம் கேட்டது.

"எப்ப முடிவு பண்ணின?"

"கார் வேலிக்குள்ள கெடந்துச்சே, அதுலேருந்து."

"எங்கிட்டச் சொல்லியிருக்கலாம்ல." குரலில் கோபம் இல்லை. அது இருந்திருந்தால் அவளுக்குச் சுலபமாக இருந்திருக்கும். "ஊருக்குத் தெரியாம ஒரு சீட்டுல போயிச் சொல்லுவியா? எங்கிட்டச் சொல்லியிருக்கலாம்."

"சொன்னேன். இருபது வருஷமா சொல்றேன். நான் வாயத் தொறந்ததும் போன் அடிக்கும். நீ எந்திரிச்சுப் போயிருவ. இல்லன்னா நான் எந்திரிச்சுப் போவேன். திரும்பி வந்து உக்காந்தா, சொல்ல வந்தது ஆறிப் போயிருக்கும்."

எம்லின் மேஜையைப் பார்த்தார். நாற்பத்தாறு வருஷமாக அந்த மேஜையில்தான் சாப்பிட்டிருக்கிறார். அதன் மரத்தில் ஒரு கணு இருப்பதை இப்போதுதான் பார்க்கிறவர் போல விரலால் தடவினார்.

அப்போது நடைக்கூடத்தில் போன் அடித்தது.

நெஸ்டா எழுந்துவிட்டாள். அவள் எழவில்லை, உடம்பு தானாக எழுந்தது. எம்லினும் பாதி எழுந்தவர் நின்றார். பிறகு மேஜைக்கு மேலாகக் கையை நீட்டி அவள் மணிக்கட்டைப் பிடித்தார்.

"விடு," என்றார். "நீ சொல்ல வந்தத சொல்லு."

போன் அடித்துக்கொண்டே இருந்தது. யார் என்று தெரியவில்லை, எந்த அடைப்போ எந்த வேலியோ. நெஸ்டா மறுபடி உட்கார்ந்தாள். இருபது வருஷத்தில் சொல்லாமல் விட்டது அத்தனை இருந்தது. எதிலிருந்து தொடங்குவது என்று தேடிப் பார்த்தாள். பதினாலாவது தடவையோடு மணி நின்றது.

"எனக்கு அசதியா இருக்கு எம்லின்," என்றாள்.

"எனக்கும்," என்றார் அவர். கையை எடுக்கவில்லை.